ஏழு மணிக்கு விடியும் ஊர்

கடை திறந்திருந்தது. நான் பார்க்க வந்த மனிதர்தான் இல்லை.

சிங்கப்பூர், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்து. வெள்ளிக்கிழமை நண்பகல். அரிசி மூட்டைகளுக்கும் ஊதுபத்திக் கட்டுகளுக்கும் நடுவே கல்லாவில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். 'அவசரமாக மலேசியாவுக்கு, ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன். மன்னிக்கவும். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு வாருங்கள். சிவானந்தம்.' கல்யாணம் அவசரமாக வருவதில்லை. நான் வருவதை அவர் மறந்திருந்தார், அவ்வளவுதான்.

என் தோள்பையில் அடுத்த வருடத்துத் தினசரி காலண்டரின் மாதிரி ஒன்றும் இரண்டு கிலோ சாத்தூர் சேவும் இருந்தன. சேவு அவருக்கு. காலண்டரில் அவருடைய கையெழுத்து எனக்கு.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அதற்கு முன் பதினெட்டு வருடம் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அது மூடப்பட்டதும் விருதுநகர் வீட்டுக்குத் திரும்பி, தினமும் பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்வருகிறேன். சிவானந்தத்தின் ஆர்டர் எங்கள் அச்சகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் ஆர்டர். தீவில் உள்ள பல மளிகைக் கடைகளுக்கும் சேர்த்து அவர் காலண்டர் கேட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. "எங்க வீட்டுச் சுவர்ல எதுக்கு உங்க ஊர் நேரம்? எல்லா நேரமும் சிங்கப்பூர் நேரமா இருக்கணும்."

நேரத்தை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. நாளிதழில் வெளிநாட்டுக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நேரம் மாற்றிப் போட்டுப் பழகிய கை. திதி முடியும் நேரம், நட்சத்திரம் முடியும் நேரம், ராகு காலம், எமகண்டம் என்று வருடம் முழுவதற்கும் ஒரு மாதம் உட்கார்ந்து கூட்டினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மாதிரியைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினோம். படம் பிடித்திருக்கிறது, ஆனால் தாளைத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார் சிவானந்தம். சீசன் காத்திருக்காது என்பதால் ஜனவரி முதல் மே வரையிலான தாள்களை அச்சிடத் தொடங்கியிருந்தோம். கையெழுத்து வந்தால் மீதியையும் அடித்துக் கட்டுக் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டியது. வராவிட்டால் இந்த ஆர்டரை நம்பிப் போட்ட இரண்டாவது ஷிப்டு போய்விடும். அந்த ஷிப்டில் பன்னிரண்டு பேர்.

அச்சக உரிமையாளர் தங்கவேல் அண்ணாச்சிதான் வருவதாக இருந்தது. மகளுக்குப் பிரசவ நேரம். அச்சகத்தில் பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னோர் ஆள் நான் ஒருத்திதான்.

சந்து முனையில் ஒரு தொலைபேசி அட்டை வாங்கி அவரைக் கூப்பிட்டேன்.

"திங்கக்கெழமையா?" என்றார். "சரி, ரெண்டு நாளு கெடக்குல்ல. அங்கன நாடகம், கச்சேரின்னு எம்புட்டோ இருக்குமாம்லே. போய்ப் பாருங்க. பத்திரிகைக்காரம்மாவுக்கு வேடிக்க பாக்கச் சொல்லியா குடுக்கணும்?"

அண்ணாச்சி என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி கேலி.

நான் தங்கியது பேச்சியம்மா வீட்டில். எங்கள் ஊர்ப்பக்கத்து அணைக்கட்டு ஊரான ஆனைக்குட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆனவர். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீட்டில் ஓர் அறையை ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியதல்ல.

"அணையில தண்ணி கெடக்கா?"

"கெடக்கு. அடியில."

"அடியிலயாச்சும் கெடக்கே" என்று பையை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை வேறு வேலை இல்லாததால் காலண்டரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு திங்கட்கிழமைத் தாள். ராகு காலம் 10.00 – 11.30. ராகு காலம் கிழமையைப் பொறுத்தது. எல்லாத் திங்களுக்கும் அதே நேரம்தான். என்னை வரச் சொன்னது பத்தரைக்கு.

காலண்டர் விற்பவர் காலண்டரை நம்ப வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இருந்தாலும், அந்தக் கடையில் மளிகை வாங்கும் பேச்சியம்மாவிடம் கேட்டேன். சிவானந்தத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா?

"அவுகளுக்கா? நல்லாக் கேட்டீக. ராகு காலத்துல கடை ஷட்டரக்கூடத் தூக்க மாட்டாக."

"அப்ப என்னை ஏன் ராகு காலத்துல வரச் சொல்லியிருக்காரு?"

"கையெழுத்துப் போட மனசில்லையோ என்னமோ" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "சும்மா சொன்னேன், சாப்பிட வாங்க" என்றார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தேன். இருட்டு. ஆறரைக்கு ஜன்னலைப் பார்த்தேன். அப்போதும் இருட்டு. விருதுநகரில் இந்த நேரத்துக்குப் பால்காரர் வந்துபோய், வெயில் மாடிச் சுவரில் ஏறியிருக்கும். கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். சமையலறையில் பேச்சியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மணி ஆறரை ஆச்சு. இன்னும் விடியலையே?"

"இங்கன சூரியனுக்கு ஏழு மணிக்குத்தான் டூட்டி. நான் வந்த புதுசுல, என்னடா ஊரு இது, கோழி கூவுறதுக்கு முன்னாடி பிள்ளைகள எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுறாகன்னு நெனச்சேன்."

பழைய பழக்கத்தில் குறிப்பேட்டில் எழுதினேன்: 'உதயம் ஏழு.' எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

முதலில் அருங்காட்சியகம். அது ஆற்றங்கரையில் இருக்கிறது. பஸ்ஸில் இருபது நிமிடம். நான் நாற்பது நிமிடம் போனேன். நிறுத்தம் வந்தால் யாராவது சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்ததால் வந்த வினை. விருதுநகர் – சிவகாசி பஸ்ஸில் நான் தூங்கிப்போனாலும் கண்டக்டர் தோளைத் தட்டி, "அச்சாபீஸ் வந்திருச்சு, எறங்குங்க" என்பார். இங்கே கண்டக்டரே கிடையாது. பஸ் கடைசியில் ஒரு பணிமனைக்குள் திரும்பியது. ஓட்டுநர் மலாய்க்காரர். எழுந்து வந்து ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, மணியை நீங்கள்தான் அடிக்க வேண்டும். நான் அடித்தால் நானே இறங்க வேண்டியதுதான்." திரும்பிப் போகும் பஸ் எண்ணை என் உள்ளங்கையில் எழுதியும் விட்டார்.

அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் இருந்தேன். பீங்கான்களும் பட்டுத் துணிகளும் இருந்தன. நான் அதிக நேரம் நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால். உள்ளே பழைய சீனப் பஞ்சாங்கம். எந்த நாள் கிணறு தோண்டலாம், எந்த மணிக்குப் படகு ஏறலாம் என்று குறித்திருப்பதாக விவர அட்டை சொன்னது. தாள் மெல்லிசு, மை கொஞ்சம் பரவியிருந்தது. எந்த நாட்டில் அச்சடித்தாலும் இந்த வேலைக்கு மட்டமான தாளைத்தான் போடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

காவலுக்கு நின்ற சீனப் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். நான் நகராததைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். "என் மருமகள் இதைப் பார்த்துத்தான் முடி வெட்டிக்கொள்ளப் போவாள்" என்றார் ஆங்கிலத்தில். "வெட்டிய பிறகு அழுவாள். அதற்குப் பஞ்சாங்கம் பொறுப்பில்லை."

இப்போதும் இது அச்சாகிறதா என்று கேட்டேன். வருடா வருடம் ஹாங்காங்கிலிருந்து வருகிறது என்றார். நேரத்தை மாற்ற வேண்டாமா? "எதற்கு? அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றுதானே?" அந்த அச்சகத்தில் பிழை திருத்துபவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மதியம் பரோட்டா. இங்கே அதற்குப் பெயர் பிராட்டா. மாவை விசிறி அடிக்கும் கை நம் ஊர்க் கைதான். ஆனால் கல்லில் போட்டதும் அவசரமாக எடுத்துவிடுகிறார்கள். எண்ணெயில் மூழ்கி மொறுமொறுவென்று வரும் எங்கள் ஊர்ப் பரோட்டாவைத் தின்று வளர்ந்தவளுக்கு இது காய்ச்சல் கண்டவர்களுக்குச் செய்தது போலிருந்தது. குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

மூன்று மணிக்குக் கடலோரத்தில் ஓர் அரங்கில் மலாய் நடனம், அனுமதி இலவசம். அரங்கத்தின் கூரை முழுக்க முட்கள். வெளியிலிருந்து பார்த்தால் பாதியாக வெட்டிக் கவிழ்த்த பலாப்பழம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்றும் தரைவிரிப்பும் வந்தன. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

சிவகாசியில் குளிர்சாதனம் உள்ள அறை என்றால் அது கம்ப்யூட்டர் அறை. அங்கே செருப்போடு நுழைந்தால் தூசி போய் மெஷின் கெட்டுவிடும் என்று ஒரு கூச்சல் எழும். பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து அறைக்கு முன்னால் செருப்பை விடாதவரை ஒருவரையும் உள்ளே விட மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் வாழ்ந்த கால் தானாகக் கழற்றிவிட்டது. நடனம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கறுப்பு உடை அணிந்த பணியாளர் ஒருவர் என் செருப்பை ஒரு காகிதப் பையில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். "இது யாருடையது?" அரங்கம் முழுக்கக் காலைப் பார்த்துக்கொண்டது. கை தூக்கினேன். நடனம் அருமை, கைவிரல்களைப் பின்னுக்கு வளைத்து ஆடினார்கள். ஆனால் முதல் கால் மணி நேரம் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

கடலோரத்தில் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் தெருவோரம் ஒரு சீன நாடகம் தொடங்கவிருந்தது. மரப் பலகை மேடை, முகத்தில் கனத்த வண்ணம், ஜால்ராவைவிடப் பெரிய தாளம். நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் பின்னால் நெருக்கியடித்து நிற்க, முன்வரிசை முழுக்கக் காலி. நமக்கென்று விட்டுவைத்ததுபோல் இருந்தது. போய் நடுவில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு முதியவர் விசிறியால் என் தோளைத் தொட்டார்.

"அது இறந்தவர்களுடைய இருக்கை."

சீனர்களுக்கு அது முன்னோர்கள் வீடு திரும்பும் மாதம். நாடகம் அவர்களுக்காக, நாமெல்லாம் ஓசியில் பார்க்கிறவர்கள். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே தன் முக்காலியை என் பக்கம் தள்ளினார். "பரவாயில்லை. அவர்கள் டிக்கெட் கேட்க மாட்டார்கள்."

எப்போது தொடங்கும் என்றேன். வெளிச்சம் போகட்டும் என்றார். வானம் அப்போதும் மஞ்சளாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: 'மறைவு ஏழேகால்.'

அறைக்குத் திரும்பியபோது அந்த இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். உதயம் ஏழு. மறைவு ஏழேகால். நாளிதழில் வேலை பார்த்தபோது, பக்கம் அச்சுக்குப் போன பிறகு சில நாள் ஏதோ இடறும். எங்கே பிழை என்று தெரியாது. இருக்கிறது என்று மட்டும் தெரியும். அந்த இடறல் மூன்று வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்திருந்தது.

ஞாயிறு காலை அரபு எழுத்தோவியக் கண்காட்சிக்குக் கிளம்பி, எதிர்த் திசை ரயிலில் ஏறித் தீவின் முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கண்காட்சியில் ஒரு கலைஞர் என் பெயரைக் கேட்டு அரபு எழுத்தில் வரைந்து கொடுத்தார். அதைப் பிழை திருத்த என்னால் முடியாது என்பதே ஒரு விடுமுறையாக இருந்தது.

மாலையில் கோயில் மண்டபத்தில் வீணைக் கச்சேரி. பேச்சியம்மாதான் நோட்டீஸ் கொடுத்திருந்தார். 'மாலை 7.05' என்று போட்டிருந்தது. எதற்கு அந்த ஐந்து நிமிடம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஆறே முக்காலுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வீணை வாசிக்கும் அம்மையார் மேடையில் ஏறிச் சுருதி சேர்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிருதங்கக்காரர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். மைக் வேலை செய்தது, விளக்கு எரிந்தது, ஒருவரும் தொடங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். இங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவரிடம் கேட்டேன், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று.

"யாருக்காகவும் இல்லீங்க. ராகு காலம். ஏழு மணியோட முடிஞ்சிடும்."

பையில் காலண்டர் இருந்தது. அதை எங்கேயும் விட்டுவிட்டுப் போவதில்லை. மடியில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடினேன். ராகு காலம் 7.00 – 8.30.

இவர்களுக்கு முடிகிற நேரத்தில் எனக்குத் தொடங்குகிறது.

"எப்படிக் கணக்குப் போடுறீங்க?" என்றேன்.

"சூரியன் கிளம்புற நேரத்துலேருந்து மறையுற வரைக்கும் எட்டுப் பங்கு. அதுல ஒரு பங்கு ராகு காலம். உங்க ஊர்ல ஆறு மணிக்குக் கிளம்புது, இங்க ஏழு. ஊர்க் காலண்டரைப் பார்த்து ஒரு மணி நேரம் தள்ளிக்குவோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். திதி என்பது சந்திரன் நிற்கும் இடம். அது உலகம் முழுவதற்கும் ஒரே நொடியில் முடிகிறது. அதற்கு இரண்டரை மணி கூட்டியது சரி. ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரியனைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதற்கு ஒரு மணி நேரம்தான். நான் எல்லாவற்றையும் கிரிக்கெட் ஆட்டம்போல மாற்றியிருந்தேன். இரண்டு தடவை சரிபார்த்ததும் கூட்டலைத்தான்; கூட்டலாமா என்பதையல்ல.

ஏழு ஐந்துக்கு வீணை தொடங்கியது. முதல் உருப்படி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நல்ல வாசிப்பு. பிறகு குனிந்தபடி வெளியே வந்து, கோயிலுக்கு எதிரே இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். சிவகாசியில் மணி ஐந்து. சீசனில் ஞாயிறும் அச்சகம் உண்டு. அண்ணாச்சியின் குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னேன். எமகண்டமும் அப்படித்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"நீங்கதான கூட்டுனீக?"

"ஆமா அண்ணாச்சி. நான்தான்."

"அஞ்சு மாசத் தாளு ஓடியிருக்கு."

"தெரியும்."

"அந்த மனுசன் கண்டுபிடிச்சாரா?"

"இல்ல. அவரை இன்னும் பாக்கவே இல்ல. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்ப எதுக்கு எனக்கு நெஞ்சு வலி வர வைக்கிறீக? வாயத் தொறக்காம கையெழுத்த வாங்கிட்டு வாங்க. ஆர்டர் கைக்கு வரட்டும். மாத்தணுமா வேண்டாமான்னு இங்கன வந்து பேசிக்கிடலாம். இப்பச் சொன்னா, ஒரு கணக்கே தெரியாத பயலுகன்னு வேற கம்பெனிக்குப் போயிருவாரு. ரெண்டாவது ஷிப்டுக்காரனுக்கு நீங்க பதில் சொல்லுவீகளா?"

அட்டையில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

பேச்சியம்மாவிடம் மறைக்க முடியவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சொல்லாட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வருசம் பூரா எல்லாரும் ராகு காலம் இல்லாத நேரத்துல சும்மா இருப்பாங்க. ராகு காலத்துல நல்ல காரியம் பண்ணுவாங்க."

"பண்ணுனா?"

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. அச்சில் வந்த எண்ணில் உண்டு.

பேச்சியம்மா குழம்பை ஊற்றினார். "அடுத்த தையில எம் மகளுக்கு நாள் பாக்கணும். இந்தச் சுவத்துல ஒங்க காலண்டரத்தான் மாட்டப் போறேன். பேப்பர்ல வந்துட்டா சரியா இருக்கும்னுதான நாங்க நெனப்போம்? சாப்பிடுங்க, ஆறிறப் போகுது."

திங்கட்கிழமை பத்து மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். ஷட்டர் அப்போதுதான் மேலே போய்க்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் எட்டரைக்குத் திறப்பார்களாம், திங்களன்று ராகு காலம் முடிந்து பத்துக்கு. நான் பேச்சியம்மாவிடம் கேட்ட கேள்விக்கு அந்த ஷட்டர்தான் பதில்.

சிவானந்தத்துக்கு அறுபது வயது. தடித்த கண்ணாடி, முழுக்கைச் சட்டை. ஈப்போ கல்யாணத்துத் தாம்பூலப் பையை என்னிடம் கொடுத்தார்; நான் சேவைக் கொடுத்தேன். உடனே பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார். "இதுதான் சேவு. இங்க செய்யறது வெறும் மாவு லா." பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது இந்த ஊர் வழக்கம்.

காலண்டரை எடுத்தார். முருகன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தாளை இரண்டு விரலால் தேய்த்தார். ஜனவரி முதல் தேதியை ஒரே இழுப்பில் கிழித்தார். ஓரம் பிசிறில்லாமல் வந்தது. "இதுதான் எனக்கு முக்கியம். சில கம்பெனித் தாள் பாதியில கிழிஞ்சு முருகன் முகத்துல தொங்கும்." எண்களைப் பார்க்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்" என்றேன்.

திங்கட்கிழமைத் தாளைக் காட்டினேன். என்ன தவறு, எப்படி நேர்ந்தது, யார் செய்தது என்று செய்தி சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். எத்தனை மாதத் தாள் அச்சாகியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "பத்து டு பதினொன்றரை." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. "அப்போ நாம இப்ப ராகு காலத்துல உட்கார்ந்திருக்கோம்."

"என் காலண்டர்படி."

"நீங்க சொல்லலேன்னா நான் போட்டிருப்பேனே."

"ஆமா சார்."

"போட்டிருந்தா ஜனவரி முதல் வாரமே என் வீட்டுக்காரி இந்தக் கடை வாசல்ல வந்து நின்னிருப்பா. தீவுல பாதிப் பேர் அவ பின்னாடி." பேனாவை மூடினார். "உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னார்?"

பதிலுக்கு, அவர் கிழித்துப் போட்ட ஜனவரி முதல் தேதியை எடுத்து மடித்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கல்லாவில் இருந்த தொலைபேசியை இழுத்து, எண்களைத் தட்டி, எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். சிவகாசியில் மணி எட்டேகால். அண்ணாச்சி எடுத்தார். பின்னால் சத்தம் எதுவும் இல்லை.

"நீங்க அனுப்பின அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றார் சிவானந்தம்.

அண்ணாச்சியின் பெருமூச்சு கடல் தாண்டி வந்தது.

"சொல்லுவாகன்னு தெரியும் ஐயா. நேத்து போன் கட்டானதும் மெஷின நிறுத்திட்டேன். கோவத்துல ரெண்டு வார்த்த சொன்னேன், உண்மைதான். ஆனா இவுக பிழையப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு வர்ற ஆளு இல்ல. அப்பறம் எதுக்கு வீணா ஓட்டிக்கிட்டு? பழைய தாள எடைக்குப் போட்டாச்சு. வெடிக்குச் சுத்துறதுக்கு ஆளு காலையிலேயே வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டான். ஒரே ஒரு வாரம் குடுங்க ஐயா, புது மாதிரி அனுப்புறேன்."

"ரெண்டாவது ஷிப்டு?" என்றேன் நான், குறுக்கே.

"அவுகதான மறுபடி அடிக்கணும்? வேற யாரு, நானா அடிப்பேன்?" பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், ஒலிபெருக்கியில் அது தாழவில்லை. "பத்திரிகைக்காரம்மா, இந்தத் தடவ கூட்டுனத எனக்கும் ஒருக்கா காமிங்க."

சிவானந்தம் திங்கட்கிழமைத் தாளில் 10.00 – 11.30ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 8.30 – 10.00 என்று எழுதினார். கீழே, 'எல்லாக் கிழமையும் இப்படிச் சரியாக வந்தால் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிழையும் திருத்தமும் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்த அந்த மாதிரியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் பையில் வைத்தேன். விமானத்துக்கு நேரம் இருந்தது. ஆற்றங்கரைக்குப் போனேன். இந்த முறை மணியை நானே அடித்தேன்.

ஐப்பசியில் லோடு தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியது. தை மாதம் பேச்சியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம், காலண்டரைப் பார்த்துத்தானாம். அணையில் தண்ணீர் கிடக்கிறதா என்றும் கேட்டிருந்தார்.

இரண்டுக்கும் நடுவில் தீபாவளி வந்துபோனது. மறுநாள் காலை விருதுநகரில் எங்கள் தெரு வழக்கம்போலக் காகிதத்தால் மூடிக்கிடந்தது. வாசலைப் பெருக்கும்போது விளக்குமாற்றில் ஒரு துண்டு சிக்கியது. ஓரம் கருகி, மருந்து வாசத்தோடு இருந்தது. எடுத்து விரித்தேன். 'திங்கள்' என்பதில் பாதியும், அதன் கீழ் 10.00 – 11.30 முழுதாகவும் இருந்தன.

என் வாழ்நாளில் எத்தனையோ பிழைகளை விட்டிருக்கிறேன். சத்தத்தோடு போனது அது ஒன்றுதான்.